பெரிய காணொளிகளைக் கம்பியில்லாமல் கணினிக்கு மாற்ற எந்த வழியைத் தேர்வது?

கைப்பேசியில் எடுத்த பெரிய காணொளிகளைக் கம்பி இல்லாமல் கணினிக்கு எப்படி மாற்றுவது என்று கேட்பவர்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று செயலிகளின் பெயரையும் சேர்த்தே கேட்கிறார்கள். குவிக் ஷேர் போதுமா, லோக்கல்சென்ட் அதைவிட வேகமா, கூகுள் டிரைவில் ஏற்றிப் பிறகு கணினியில் இறக்கிக்கொண்டால் வேலை முடிந்துவிடாதா என்பவையே வழக்கமான கேள்விகள். இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் எந்தச் செயலி என்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் செயலியைத் தேர்வது எளிதாகிவிடும்.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் என் சொந்த வேலையிலிருந்து வருவது. கோடை மாதங்களில் வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துவருகிறேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் விடியும் வரை நடக்கும் என்பதால் ஓர் இரவுக்கு எட்டு மணி நேரப் பதிவு சேர்ந்துவிடுகிறது. ஐஃபோன் தன் கேமரா அமைப்புத் திரையில் காட்டும் கணக்குப்படி, காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் ஹெச்இவிசி முறையில் 1080பி தெளிவில் நொடிக்கு 30 பிரேம் வைத்து எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்பி ஆகும். அதையே 4கே தெளிவில் எடுத்தால் 170 எம்பி. 4கே தெளிவில் 60 பிரேம் என்றால் 400 எம்பி. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பழைய எச்.264 முறையில் பதிவு செய்தால் அளவு இன்னும் கூடும். மிகச் சிக்கனமான கணக்கிலேயே ஓர் இரவின் கூத்து 29 ஜிபியைத் தொடுகிறது. கணக்கு வசதிக்காக இந்தக் கட்டுரை முழுவதும் 30 ஜிபி என்றே வைத்துக்கொள்கிறேன். கல்யாண வீட்டுப் பதிவும் பள்ளி ஆண்டு விழாப் பதிவும் ஏறக்குறைய இதே அளவில்தான் வந்து நிற்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நடுவில் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பது. பெரும்பாலானவர்கள் வேகத்தைத்தான் முதலில் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். 200 எம்பி கோப்புக்கு அது சரி. பல ஜிபி கோப்பு போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கைப்பேசித் திரை அணையலாம், கணினி உறக்கத்துக்குப் போகலாம், மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்து எழலாம். அப்போது நின்ற இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து தொடங்குமா, அல்லது பாதிக் கோப்பை முழுக் கோப்பைப் போலக் காட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடுமா? மூன்றாவது வகைதான் ஆபத்தானது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கோப்பு மேலாளர் செயலியில் உள்ள எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற வசதி வழியே அர்ஜுனன் தபசு நாளின் பதிவை மாற்றிக்கொண்டிருந்தேன். வேடம் கட்டியவர் தபசு மரத்தின் உச்சிக்கு ஏறி, கீழே மடியேந்தி நிற்கும் பெண்களை நோக்கி எலுமிச்சம் பழங்களை வீசும் காட்சி அந்தக் கோப்பின் கடைசியில் இருந்தது. நள்ளிரவில் தொடர்பு அறுந்திருக்கிறது. காலையில் கணினியில் பார்த்தபோது கோப்பின் பெயர் இருந்தது. பெயரைக் கண்டதும் நம்பிவிட்டேன். அடுத்த ஊர்க் கூத்துக்கு இடம் வேண்டும் என்று கைப்பேசியில் இருந்த மூலத்தையும் அழித்துவிட்டேன். பிறகு திறந்தபோது கோப்பு ஓடவே இல்லை.

காரணம் எம்பி4 கோப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. எந்தக் காட்சி கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் அட்டவணை ஒன்று அதற்குள் உண்டு. கைப்பேசிக் கேமராக்கள் வழக்கமாக அந்த அட்டவணையைப் பதிவு முடிந்த பிறகே கோப்பின் கடைசியில் எழுதுகின்றன. ஆகவே 95 விழுக்காடு வந்து சேர்ந்த காணொளி 95 விழுக்காடு ஓடும் என்று நினைக்கக் கூடாது. அது திறக்காமலே போகலாம். அதே கைப்பேசியில் எடுத்த முழுமையான வேறொரு கோப்பை மாதிரியாகக் கொடுத்தால் அட்டவணையைத் திரும்ப எழுதித் தரும் அன்ட்ரங்க் என்ற இலவச நிரலைக் கொண்டு, வந்து சேர்ந்திருந்த பகுதியை மீட்டேன். வராத கடைசிப் பகுதி போனது போனதுதான். அந்த ஆண்டு மரம் ஏறியவர் அடுத்த ஆண்டு வயதைக் காரணம் காட்டி அந்த வேடத்தை விட்டுவிட்டார்.

இரண்டாவது அளவுகோல், கோப்பு எடுத்தபடியே வருகிறதா என்பது. சில வழிகள் கேட்காமலே காணொளியைச் சுருக்கிவிடும். வேறு சில, எடுத்த நாளையும் நேரத்தையும் கழற்றிவிடும். மூன்றாவது, உண்மையான வேகம். நான்காவது, மறைந்திருக்கும் செலவு: இணைய டேட்டா, மாதக் கட்டணம், இரண்டு கருவிகளிலும் காலி இடம், முதல் முறை அமைக்கும் நேரம், அந்தரங்கம். கைப்பேசியும் கணினியும் எந்த நிறுவனத்துடையவை என்பதைத் தனி அளவுகோலாக நான் வைக்கவில்லை. அது கீழே தானாகவே சில வழிகளை நீக்கிவிடும்.

## வேகம் செயலியில் இல்லை, வலையமைப்பில் இருக்கிறது

ஒரே செயலி ஒரு வீட்டில் பறப்பதும் இன்னொரு வீட்டில் தவழ்வதும் ஏன் என்ற கேள்விக்கு விடை ரவுட்டரில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் செயலியை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு. வைஃபை வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 72 மெகாபிட் என்று கைப்பேசி காட்டும் இணைப்பு, ஏட்டளவில்கூட நொடிக்கு 9 எம்பிக்கு மேல் தராது. நடைமுறையில் அதிலும் ஏறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓர் ஆன்டெனா உள்ள கைப்பேசிக்குக் கிடைப்பது இவ்வளவுதான். நொடிக்கு 5 எம்பி என்று வைத்தால் நம்முடைய 30 ஜிபிக்கு 100 நிமிடம் ஆகும்.

கைப்பேசியும் மடிக்கணினியும் இரண்டுமே வைஃபை வழியாக ஒரே ரவுட்டரில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு துணுக்கும் கைப்பேசியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து கணினிக்கு இன்னொரு முறை என ஒரே காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 100 நிமிடம் மூன்று மணி நேரத்தைத் தாண்டுவது இப்படித்தான். கணினியை ரவுட்டரோடு லேன் கம்பியால் இணைத்துவிட்டால் ஒரு பயணம் மிச்சமாகும். ஆனால் அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைய நிறுவனங்கள் கொடுக்கும் ரவுட்டர்கள் சிலவற்றின் லேன் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் போகாதவை. அவற்றில் நொடிக்கு 11 எம்பிதான் உச்சம்; 30 ஜிபிக்கு 45 நிமிடம். ஜிகாபிட் துளை உள்ள ரவுட்டரில் இந்தத் தடை இல்லை.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கதை வேறு. இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5 கைப்பேசி 866 மெகாபிட் இணைப்பைக் காட்டும். ஒரே அறையில் இருந்தால் நொடிக்கு 40 எம்பிக்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம். அந்த வேகத்தில் 30 ஜிபி பன்னிரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். யுஎஸ்பி 2.0 கம்பி தரும் வேகமும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஒரு செங்கல் சுவர் குறுக்கே வந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் சட்டென்று தளரும் என்பதால் இந்த வேலைக்கு மட்டும் ரவுட்டர் இருக்கும் அறைக்கே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது.

ரவுட்டரே இல்லாத இடத்திலும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அதை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்து, கணினியை அதில் இணைத்தால் இரண்டுக்கும் இடையே நேரடிப் பாதை அமைந்துவிடும். கோயில் திண்ணையில் உட்கார்ந்து நான் மாற்றுவது இப்படித்தான். இதற்கு மொபைல் டேட்டா செலவாகாது. ஆனால் கணினி இணையம் கிடைத்துவிட்டது என்று எண்ணி விண்டோஸ் புதுப்பிப்பை இறக்கத் தொடங்கும். அன்றைய டேட்டா அதிலேயே கரைந்துவிடும். ஆகவே ஹாட்ஸ்பாட்டைத் திறந்ததும் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும்.

விடுதி, அலுவலகம், தங்கும் அறை ஆகியவற்றின் பொது வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்திருப்பது வழக்கம். கைப்பேசி கணினியைக் காணவில்லை என்றால் குற்றம் செயலியுடையது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைச் சோதியுங்கள். விண்டோஸில் அந்த வலையமைப்பு "பொது" என்று குறிக்கப்பட்டிருந்தாலும் இதே சிக்கல் வரும். வீட்டு வைஃபையை "தனிப்பட்டது" என்று மாற்றினால் சரியாகிவிடும்.

## குவிக் ஷேர்: ஆண்ட்ராய்டும் விண்டோஸும் இருந்தால்

கூகுளின் நியர்பை ஷேரும் சாம்சங்கின் குவிக் ஷேரும் 2024 ஜனவரியில் ஒரே பெயரில் இணைக்கப்பட்டன. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இது ஏற்கெனவே இருக்கும். கணினியில் 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் அதற்கான செயலியை நிறுவிக்கொள்ளலாம். இரண்டு கருவிகளும் புளூடூத்தால் ஒன்றையொன்று கண்டுபிடித்து, பிறகு வைஃபைக்கு மாறிக் கோப்பை அனுப்புகின்றன. இரண்டிலும் ஒரே கூகுள் கணக்கு இருந்தால் ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்காமலே வாங்கிக்கொள்ளும்படி அமைக்கலாம். கோப்பு சுருங்காது, இணையம் வேண்டியதில்லை, கட்டணம் இல்லை.

குறைகள் மூன்று. முதலாவது, சில நேரம் வைஃபைக்கு மாறாமல் புளூடூத்திலேயே தங்கிவிடும். புளூடூத் நொடிக்குக் கால் எம்பி அளவில்தான் அனுப்பும். 30 ஜிபிக்கு 33 மணி நேரம். முதல் ஒரு நிமிடத்தில் முன்னேற்றக் கோடு நகரவே இல்லை என்றால் நிறுத்திவிட்டு, இரு கருவிகளையும் ஒரே வைஃபையில் சேர்த்து மீண்டும் தொடங்குங்கள். இரண்டாவது, புளூடூத்தும் வைஃபையும் இல்லாத மேசைக் கணினிக்கு இது உதவாது. மூன்றாவது, என் அனுபவத்தில் நடுவே அறுந்தபோதெல்லாம் அந்தக் கோப்பை முதலிலிருந்தே அனுப்ப வேண்டியிருந்தது. ஐந்து ஜிபி வரையிலான சில கோப்புகளை அவ்வப்போது மாற்றுகிறவர்கள் இதைத் தாண்டி எதையும் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

## ஏர்டிராப்: ஐஃபோனும் மேக்கும் இருந்தால்

இங்கே நீண்ட ஆலோசனை தேவையில்லை. ஐஃபோனிலிருந்து மேக்கிற்கு ஏர்டிராப் 2014 முதல் இயங்குகிறது. ரவுட்டர் வேண்டாம், அளவு வரம்பு இல்லை. பகிரும் திரையின் மேலே உள்ள விருப்பங்களில் எல்லாப் புகைப்படத் தரவையும் சேர்க்கும் தெரிவை இயக்கிவிட்டால் எடுத்த நாள், இடம் உள்ளிட்ட விவரங்களும் திருத்தத்துக்கு முந்தைய மூலமும் சேர்ந்தே போகும். ஐஃபோனை வைத்துக்கொண்டு விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்த வாசல் திறக்காது.

ஐஃபோன்காரர்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் கவனிக்க வேண்டிய மறைமுகச் செலவு ஒன்று உண்டு. ஐகிளவுட் புகைப்பட அமைப்பில் கைப்பேசி இடத்தைச் சிக்கனப்படுத்தும் தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால், மூலக் காணொளி கைப்பேசியில் இல்லாமல் ஆப்பிளின் கிடங்கில் மட்டும் இருக்கலாம். அனுப்பு என்று சொன்னதும் அது முதலில் இணையத்திலிருந்து கைப்பேசிக்கு இறங்கும். அதன் பிறகே கணினிக்குப் போகும். பக்கத்து மேசைக்கு அனுப்புவதற்கு ஏன் டேட்டா தீர்கிறது என்று குழம்புபவர்களுக்குக் காரணம் இதுதான்.

## லோக்கல்சென்ட்: எல்லாக் கருவிகளும் கலந்திருக்கும் வீட்டுக்கு

விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் என எல்லாவற்றிலும் இயங்கும் திறமூலச் செயலி இது. கணக்குத் தொடங்க வேண்டாம், விளம்பரம் இல்லை. கோப்பு ஒரே வலையமைப்புக்குள், வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது, வெளிச் சேவையகம் எதையும் தொடுவதில்லை. ஐஃபோனிலிருந்து விண்டோஸுக்கு அனுப்ப விரும்புபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கோப்பு வந்து சேர வேண்டிய இடத்தை வெளி வன்தட்டாகவே வைத்துக்கொள்ள முடியும் என்பதும் ஒரு வசதி. கணினியின் சி டிரைவ் நிரம்பி நடுவில் நிற்கும் தொல்லை இருக்காது.

இதிலும் நின்ற இடத்திலிருந்து தொடரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஐஃபோனில் திரை பூட்டிக்கொண்டால் பின்னணியில் உள்ள செயலியை இயக்க மென்பொருள் உறங்க வைத்துவிடும் என்பதால் மாற்றம் முடியும் வரை திரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். தானாகப் பூட்டும் நேரத்தை "ஒருபோதும் வேண்டாம்" என்று வைத்துவிட்டு, சார்ஜரையும் செருகிவிடுங்கள். இன்னொன்று: ஐஃபோனின் புகைப்பட நூலகத்திலிருந்து வேறொரு செயலி காணொளியை எடுக்கும்போது, இயக்க மென்பொருள் அதற்கு ஒரு தற்காலிக நகலைச் செய்து கொடுக்கும். 8 ஜிபி காணொளிக்கு 8 ஜிபி காலி இடம் வேண்டும் என்று பொருள். முதலில் கோப்புகள் செயலியில் சேமித்து, அங்கிருந்து அனுப்பினால் வடிவம் மாறும் கவலையும் இருக்காது.

## பகிர்ந்த கோப்புறையும் எஃப்டிபியும்

விண்டோஸில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து வைத்துவிட்டு, கைப்பேசியின் கோப்பு மேலாளரிலிருந்து அதற்குள் நகலெடுப்பது ஒரு பழைய, நம்பகமான முறை. ஆண்ட்ராய்டில் சாலிட் எக்ஸ்ப்ளோரர், சிஎக்ஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் போன்றவை இதைச் செய்யும். ஐஃபோனில் ஐஓஎஸ் 13 முதல் கோப்புகள் செயலியிலேயே சேவையகத்தோடு இணையும் வசதி இருக்கிறது. ஒருமுறை அமைத்துவிட்டால் கைப்பேசியிலிருந்து கணினி இன்னொரு கோப்புறையைப் போலவே தெரியும். இதில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் கடவுச்சொல். கணினியைத் திறக்க நான்கு இலக்கப் பின் எண்ணையே பயன்படுத்திப் பழகியவர்கள் இங்கும் அதையே கொடுத்துப் பார்ப்பார்கள், அது செல்லாது. விண்டோஸ் கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும்.

எஃப்டிபி அதற்கு நேர்மாறானது. கைப்பேசி சேவையகமாக நிற்கும். கணினி வந்து எடுத்துக்கொள்ளும். பல கைப்பேசிகளின் கோப்பு மேலாளரிலேயே இது இருக்கிறது. சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல்லும் கோப்பும் மறையாக்கம் இன்றிச் செல்வதால் வீட்டு வைஃபைக்கு வெளியே இதைப் பயன்படுத்தவே கூடாது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடாமல் ஃபைல்ஜில்லா என்ற கணினி நிரல் வழியாக எடுத்தால், கைப்பேசிப் பக்கச் செயலி இடம் கொடுக்கும்போது, அறுந்த இடத்திலிருந்து தொடரலாம். தோற்ற கோப்புகளும் தனிப் பட்டியலில் தெரியும். அன்று நான் ஃபைல்ஜில்லாவைப் பயன்படுத்தியிருந்தால் அந்தத் தபசு மரக் காட்சி இன்று என்னிடம் இருந்திருக்கும்.

## சிங்க்திங்: ஒவ்வொரு வாரமும் மாற்றுபவர்களுக்கு

சிங்க்திங் அனுப்பும் செயலி அன்று. இரண்டு கருவிகளில் உள்ள கோப்புறைகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் செயலி. கைப்பேசியின் கேமராக் கோப்புறையைக் கணினியின் ஒரு கோப்புறையோடு இணைத்துவிட்டால், இரண்டும் ஒரே வைஃபையில் சேரும்போதெல்லாம் புதிய காணொளிகள் தாமாகப் போய்ச் சேரும்.

முதல் அளவுகோலில் இதை விஞ்சுவது எதுவும் இல்லை. கோப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் சரியாக வந்திருக்கிறதா என்று எஸ்எச்ஏ-256 கணக்கீட்டால் சரிபார்த்தே வாங்குகிறது. தொடர்பு அறுந்தால் வராத துண்டுகளை மட்டும் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளும். எல்லாத் துண்டுகளும் சேரும் வரை கோப்பு ஒரு தற்காலிகப் பெயரிலேயே இருக்கும். முழுமையான பிறகுதான் உண்மைப் பெயரைப் பெறும். கோப்புறையில் பெயர் தெரிகிறது என்றால் கோப்பு முழுதாக வந்துவிட்டது என்று நம்பலாம்.

விலையும் உண்டு. முதல் அமைப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலியை உருவாக்கியவர்கள் 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது சிங்க்திங்-ஃபோர்க் என்ற கிளைச் செயலியே பயன்பாட்டில் இருக்கிறது. துண்டுகளைக் கணக்கிடும்போது கைப்பேசி சூடாகும், பேட்டரி குறையும். இரண்டு கருவிகளும் நேரடியாகச் சேர முடியாதபோது அது இணையத்திலுள்ள இடைநிலைச் சேவையகங்கள் வழியே போகப் பார்க்கும். வேகம் படுத்துவிடும், டேட்டாவும் செலவாகும். எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை: ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். கைப்பேசியில் இடம் செய்ய நினைத்து நீக்கிய காணொளி கணினியிலிருந்தும் போய்விடும். கணினிப் பக்கத்தில் பழைய கோப்புகளைக் குப்பைத்தொட்டிக்கு நகர்த்தி வைக்கும் பதிப்புக் காப்பு வசதியை முதல் நாளே இயக்கிவிடுங்கள். வந்த காணொளிகளை வேறு கோப்புறைக்கு நகலெடுத்துவிட்டு அதன் பிறகே கைப்பேசியில் அழிப்பது என் பழக்கம்.

## மேகக் கிடங்கு

கைப்பேசி ஓர் ஊரிலும் கணினி இன்னோர் ஊரிலும் இருந்தால் கூகுள் டிரைவ், ஐகிளவுட் போன்ற இணையக் கிடங்கே வழி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகளுக்கு இது சுற்றுவழி. 30 மெகாபிட் ஃபைபர் இணைப்பில் 30 ஜிபியை ஏற்ற இரண்டே கால் மணி நேரம், இறக்க மீண்டும் அதே நேரம். கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபியை ஜிமெயில், புகைப்படங்கள், டிரைவ் மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன; ஐகிளவுட்டில் இலவசம் 5 ஜிபி. அதாவது ஓர் இரவுக் கூத்துக்கே மாதக் கட்டணம் கட்ட வேண்டும். நாளுக்கு 2 ஜிபி என்ற மொபைல் திட்டத்தில் ஏற்ற நினைத்தால் பதினைந்து நாள் ஆகும்.

தரத்திலும் எச்சரிக்கை வேண்டும். கூகுள் போட்டோஸில் இடத்தைச் சேமிக்கும் தெரிவு இருந்தால் 4கே காணொளி 1080பிக்குச் சுருங்கிவிடும். டிரைவ் செயலி வழியே கோப்பாக ஏற்றினால் மூலம் மாறாது. ஏற்றிய பதிவு வீட்டுக்கு வெளியே ஒரு பிரதியாக நிற்பது நல்லதுதான். அதை மாற்றும் வழியாக மதிப்பிடாமல் காப்பு வழியாக மதிப்பிட்டால் கட்டணம் நியாயமாகத் தெரியும்.

## வாட்ஸ்அப், டெலிகிராம், பழைய பகிர்வுச் செயலிகள்

வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் சுருங்கும். ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். டெலிகிராமில் கோப்பாக அனுப்பினாலும் இலவசக் கணக்குக்கு 2 ஜிபிதான் வரம்பு. இரண்டுமே இணையத்தில் ஏறி இறங்கும் வழிகள் என்பதால் டேட்டா இருமடங்கு.

ஷேர்இட், செண்டர் இரண்டையும் இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் இவை இரண்டும் உண்டு. அதே பெயரில் இணையத்தில் கிடைக்கும் ஏபிகே கோப்புகளை நிறுவிக் கைப்பேசியின் எல்லாக் கோப்புகளுக்கும் அனுமதி கொடுப்பது வேண்டாத துணிச்சல்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | நடுவில் அறுந்தால் | மூலத் தரம் | இணையம் | 30 ஜிபிக்கு நேரம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| குவிக் ஷேர் | அந்தக் கோப்பு முதலிலிருந்து | மாறாது | வேண்டாம் | 5 கிகாஹெர்ட்ஸில் 12 நிமிடம் முதல் | புளூடூத்தும் வைஃபையும் உள்ள கணினி |
| ஏர்டிராப் | மீண்டும் அனுப்ப வேண்டிவரலாம் | மாறாது | வேண்டாம் | மேற்கண்டதை ஒத்தது | ஆப்பிள் கருவிகள் மட்டும் |
| லோக்கல்சென்ட் | அந்தக் கோப்பு முதலிலிருந்து | மாறாது | வேண்டாம் | ரவுட்டரைப் பொறுத்து 12 நிமிடம் முதல் 3 மணிக்கு மேல் | திரை எரிய வேண்டும், ஐஃபோனில் காலி இடம் |
| பகிர்ந்த கோப்புறை | செயலியைப் பொறுத்தது | மாறாது | வேண்டாம் | மேற்கண்டதே | முதல் அமைப்பு, கடவுச்சொல் |
| எஃப்டிபி, ஃபைல்ஜில்லாவோடு | பெரும்பாலும் தொடரும் | மாறாது | வேண்டாம் | மேற்கண்டதே | மறையாக்கம் இல்லை |
| சிங்க்திங் | துண்டு துண்டாகத் தொடரும் | மாறாது | வேண்டாம் | மேற்கண்டதோடு கணக்கிடும் நேரம் | அழித்தால் இரு பக்கமும் அழியும் |
| மேகக் கிடங்கு | தொடரும் | அமைப்பைப் பொறுத்தது | வேண்டும் | 30 மெகாபிட்டில் நாலரை மணி | மாதக் கட்டணம், டேட்டா |

## எந்த நிலையில் எது

மாதம் ஒருமுறை ஒரு சில காணொளிகளை மாற்றும் ஆண்ட்ராய்டுக்காரருக்குக் குவிக் ஷேர். மேக் வைத்திருக்கும் ஐஃபோன்காரருக்கு ஏர்டிராப். ஐஃபோனும் விண்டோஸும் என்றால் லோக்கல்சென்ட். லேன் கம்பியில் நிற்கும் பழைய மேசைக் கணினிக்கு லோக்கல்சென்ட் அல்லது பகிர்ந்த கோப்புறை. வாரந்தோறும் பல ஜிபி சேர்க்கிறவர்கள், மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இருப்பவர்கள், இரவில் தொடங்கிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் ஆகியோர் அரை மணி நேரம் செலவழித்துச் சிங்க்திங்கை அமைத்துக்கொள்வதே நல்லது. நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். திண்ணையில் அவசரமாக ஒன்றிரண்டு கோப்புகளை எடுக்க மட்டும் ஹாட்ஸ்பாட்டோடு லோக்கல்சென்ட்.

கம்பியே மேல் என்று சொல்ல வேண்டிய இடமும் உண்டு. ஐஃபோன் 15 புரோ போன்ற யுஎஸ்பி 3 வசதியுள்ள கைப்பேசியில் மிகக் குறைவாகவே சுருக்கும் புரோரெஸ் முறையில் 4கே எடுக்கிறவருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஜிபி சேரும். ஐந்து நிமிடப் பதிவே 30 ஜிபி. அவர் வைஃபையோடு போராடுவதில் பொருளில்லை. 10 ஜிகாபிட் கம்பியை வாங்கிக்கொள்ளட்டும், அல்லது வெளி எஸ்எஸ்டியிலேயே நேராகப் பதிவு செய்யட்டும்.

## அழிப்பதற்கு முன்

எந்த வழியில் மாற்றினாலும் கைப்பேசியிலிருந்து அழிப்பதற்கு முன் நான் மூன்றைச் செய்கிறேன். முதலில், இரு பக்கமும் கோப்பின் அளவைப் பைட் எண்ணிக்கையில் ஒப்பிடுகிறேன். ஜிபியில் ஒப்பிட்டால் கைப்பேசி 1000 எம்பியையும் விண்டோஸ் 1024 எம்பியையும் ஒரு ஜிபியாகக் கணக்கிடுவதால் இரண்டும் பொருந்தாதது போல் தோன்றும். விண்டோஸில் கோப்பின் பண்புகள் பெட்டியில் பைட் எண் முழுதாக இருக்கிறது. அடுத்து, காணொளியைத் திறந்து தொடக்கத்திலும் நடுவிலும் கடைசி ஒரு நிமிடத்திலும் ஓட்டிப் பார்க்கிறேன். பிறகு அதை இன்னொரு வன்தட்டில் நகலெடுக்கிறேன். கோப்பை நகலெடுக்கும் பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் அமைந்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும்போது அதில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால், அதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.